எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்

எட்வின் ஹோவர்டு ஆர்ம்ஸ்ட்ராங் (டிசம்பர் 18, 1890 - பெப்ரவரி 1, 1954) ஒரு அமெரிக்க மின்பொறியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். மீளாக்கச் சுற்று, சூப்பர்ஹெட்டரோடைன் ஏற்பி, பண்பலை ஒலிபரப்பு ஆகியவற்றுக்காக இவர் அறியப்படுகிறார். இவரது வாழ்நாளின் பெரும்பகுதி காப்புரிமை வழக்குகளில் கழிந்தது.

இளமையும் மீளாக்கச் சுற்றும்

நியூயார்க் நகரில் பிறந்து யாங்கர்சில் வளர்ந்த ஆர்ம்ஸ்ட்ராங், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்று 1913 இல் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே, 1912 இல், வெற்றிடக் குழலின் வெளியீட்டின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளீட்டிற்கு அளித்துக் குறிகையைப் பன்மடங்கு பெருக்கும் சுற்றை உருவாக்கினார். இதே சுற்று, பின்னூட்டம் மிகும்போது அலையியற்றியாகவும் இயங்கியது. இதற்கு லீ டி பாரஸ்ட் உரிமை கோரினார். நெடிய வழக்கின் முடிவில் 1934 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி பாரஸ்டுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பொறியியலாளர் பலர் இத்தீர்ப்பைத் தொழில்நுட்ப நோக்கில் பிழையானதாகவே கருதினர். 1917 இல் பெற்ற பதக்கத்தை ஆர்ம்ஸ்ட்ராங் திருப்பியளிக்க முன்வந்தபோது, வானொலிப் பொறியாளர் கழகம் அதனை ஏற்க மறுத்துவிட்டது.

சூப்பர்ஹெட்டரோடைன்

முதல் உலகப் போரில் பாரிசில் பணியாற்றியபோது, 1918 இல், இவர் இம்முறையை உருவாக்கினார். அக்காலக் குழல்களால் உயர் அதிர்வெண்களைச் செவ்வனே பெருக்க இயலவில்லை. எனவே உள்வரும் குறிகையை ஏற்பியிலுள்ள அலையியற்றியின் குறிகையுடன் கலந்து, தாழ்ந்த இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றிப் பெருக்கினார். எடுத்துக்காட்டாக, 1000 கிலோஹெர்ட்சு நிலையத்தை 1455 கிலோஹெர்ட்சுடன் கலந்தால் 455 கிலோஹெர்ட்சு கிடைக்கும். 1910 கிலோஹெர்ட்சு குறிகையும் அதே 455 ஐத் தரும் என்பதால், அதனைக் கலத்தலுக்கு முன்பே வடிகட்ட வேண்டும். பிரான்சின் லூசியன் லெவியும் இதே கருத்தைத் தனியாக எட்டியிருந்தார். அமெரிக்கக் காப்புரிமைக் கோரிக்கைகளில் பெரும்பாலானவை பின்னர் அவருக்கே சென்றன.

இச்சுற்றின் உயிர்நிலை கலக்கி ஆகும். கலக்கியின் திறனை வலையமைப்புப் பகுப்பாய்வி கொண்டு அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பெருக்கி, வடிகட்டி போன்றவற்றில் உள்ளீடும் வெளியீடும் ஒரே அதிர்வெண்ணில் இருப்பதால் இரண்டின் விகிதத்தை நேரடியாகக் காணலாம். கலக்கியில் அவை வேறுபடுகின்றன. ஆகவே பகுப்பாய்வியின் மூலத்தை ஓர் அதிர்வெண்ணிலும் ஏற்பியை மற்றொன்றிலும் அமைத்து மாற்ற இழப்பை அளக்கின்றனர். இருமுனையக் கலக்கிகளில் இது பொதுவாக 6 முதல் 8 டெசிபெல் வரை இருக்கும். கட்டத்தை அளக்க, ஒப்பீட்டுக்கென இரண்டாவது கலக்கி ஒன்றும் பெரும்பாலும் தேவைப்படுகிறது. மாறாக, ஒவ்வொரு முனையின் எதிரொளிப்பையும் வழக்கமான முறையிலேயே அளக்கலாம்.

பண்பலையும் இறுதிக்காலமும்

1923 இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் டேவிட் சார்னாபிடம் செயலாளராக இருந்த மரியன் மக்கினிசை ஆர்ம்ஸ்ட்ராங் மணந்தார். 1933 இல் பண்பலைக்கான காப்புரிமைகளைப் பெற்றார். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் நடைபெற்ற சோதனைகள் வெற்றியளித்தபோதிலும், 1935 இல் கருவிகளை அகற்றுமாறு ஆர்.சி.ஏ. கூறியது. இதன்பின் நியூ செர்சியின் அல்பைனில் தம் சொந்தச் செலவில் நிலையம் அமைத்தார். 1945 இல் பண்பலைப் பட்டை 42-50 மெகாஹெர்ட்சிலிருந்து 88 மெகாஹெர்ட்சுக்கு மேல் மாற்றப்பட்டதால், அதுவரை விற்கப்பட்ட ஏற்பிகள் பயனற்றுப்போயின.

1948 இல் ஆர்.சி.ஏ. மீது தொடுத்த வழக்கு இவரது செல்வத்தைக் கரைத்தது, மணவாழ்வும் முறிந்தது. 1954 ஜனவரி 31 க்கும் பெப்ரவரி 1 க்கும் இடைப்பட்ட இரவில் மன்ஹாட்டனில் தம் இல்லத்தின் சாளரத்திலிருந்து குதித்து உயிர்துறந்தார். அதே ஆண்டின் இறுதியில் ஆர்.சி.ஏ. ஏறத்தாழ பத்து இலட்சம் டாலர் அளித்துச் சமரசம் செய்துகொண்டது. ஏனைய நிறுவனங்களின் மீதான வழக்குகளை மரியன் தொடர்ந்து நடத்தினார். அவற்றுள் இறுதியானது, மோட்டோரோலாவுக்கு எதிரானது, 1967 இல் அவருக்குச் சார்பாக முடிவுற்றது.