பல் வைத்தியத்தின் முன்னோடி அல் ஸஹ்ராவி

கடைவாய்ப்பல்லில் வலி கண்டால் அதனைக் கழற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது என எண்ணுவோர் ஆலையடிவேம்பிலும் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் இன்றும் உளர். பல் போன இடத்தில் தாடை எலும்பும் மெல்லத் தேய்ந்து விடுகின்றது என்பதைப் பலர் அறிவதில்லை. பல்லைக் கழற்றும்போது எலும்புக்குச் சேதம் நேரலாகாது என ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுதிவைத்த வைத்தியர் ஒருவரை நாம் இங்கு நினைவுகூருதல் பொருத்தமாகும்.

அபுல் காசிம் அல் ஸஹ்ராவி, இன்றைய ஸ்பெயினில் கொர்டோபா நகருக்கு அண்மையிலிருந்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் கி.பி. 936ஆம் ஆண்டளவில் பிறந்தவர். மதீனாவின் அன்ஸாரிகள் வழிவந்த குடும்பத்தினர். தமது நீண்டகால வைத்திய அனுபவத்தை 30 பாகங்கள் கொண்ட அத்தஸ்ரீப் என்னும் நூலாக 1000ஆம் ஆண்டளவில் நிறைவு செய்தார். அதன் இறுதிப் பாகம் சத்திர சிகிச்சைக்குரியது. ஏறத்தாழ 200 கருவிகளின் படங்களை அதில் வரைந்து காட்டினார்.

பல்லைக் கழற்றுவதில் அவசரம் கூடாது என்பது அவர் கொண்ட நெறி. வலியின் மயக்கத்தில் நோயாளி நல்ல பல்லையே சுட்டிக்காட்டக்கூடும். ஆதலால் நோயுற்ற பல்லைத் திட்டமாக அறிந்த பின்னரே கைவைக்க வேண்டுமென்றார். ஈறை விலக்கி, பல்லைச் சிறிது சிறிதாக அசைத்து எடுக்கும் முறையை விளக்கினார். வேரை உள்ளே முறித்துவிட்டும், தாடை எலும்பைப் பெயர்த்தும் பல் பிடுங்கிய அக்கால நாவிதர்களின் அறியாமையைக் கண்டித்தார். ஆடும் பற்களைப் பொற்கம்பியால் கட்டவும், இழந்த பல்லுக்கு ஈடாக மாட்டெலும்பைச் செதுக்கிப் பொருத்தவும் வழி கூறினார்.

1013ஆம் ஆண்டளவில் அவர் மறைந்தார். 12ஆம் நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெரார்ட் அவரது சத்திர சிகிச்சைப் பாகத்தை இலத்தீனில் பெயர்த்தார். பின்னர் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய வைத்தியர்கள் அதனைப் பயின்றனர்.

1965இல் சுவீடனைச் சேர்ந்த பிரானெமார்க், எலும்புடன் ஒன்றிப்போகும் டைட்டேனியம் வேரை மனிதத் தாடையில் முதன்முதலாகப் பதித்தார். இன்று, தகுந்த நோயாளிகளுக்குக் கடைவாய்ப்பல் கழற்றிய அன்றே அவ்வேரைப் பதித்து, சுற்றியுள்ள இடைவெளியை எலும்புத் துகளால் நிரப்பிப் புதிய எலும்பை வளரச் செய்கின்றனர். அதற்குக் குழியின் எலும்புச் சுவர்கள் பெரிதும் சிதையாதிருத்தல் வேண்டும். அல் ஸஹ்ராவி வலியுறுத்திய நிதானத்தின் பெறுமதி இங்குதான் விளங்குகின்றது.

இத்துகள் பெரும்பாலும் மாட்டெலும்பிலிருந்தும், மேலே போர்த்தும் சவ்வு சிலவேளை பன்றியிலிருந்தும் பெறப்படுகின்றன. செயற்கைப் பொருள்களும் உள்ளன. எது பயன்படுத்தப்படுகின்றது என வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டறிவது இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் உள்ள உரிமையாகும்.

காப்பாற்றக்கூடிய பல்லைக் காப்பதே முதற்கடமை. கழற்றியே தீரவேண்டுமாயின், எஞ்சும் எலும்பைப் பற்றியும் அன்றே வைத்தியரிடம் வினவுவோமாக. அந்த மாமேதைக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.