விக்டர் ஹார்ஸ்லி: தண்டுவடத்துக்கு வழிவிட்டவர்

கழுத்து வலி என்றதும் தைலத்தைத் தேடுவது நம் வீட்டுப் பழக்கம். பெரும்பாலும் அது போதும். சிலருக்கோ வலியோடு விரல்கள் மரத்துப்போகும். சட்டைப் பொத்தானைப் போட முடியாது. பிறகு கால்களும் தள்ளாடும். இதற்கு அரிதான காரணங்களுள் ஒன்று, நரம்பின் உறையில் மெல்ல வளரும் கட்டி. அது பெரும்பாலும் புற்றுநோய் அன்று. ஆயினும் முதுகெலும்புக்குள் இடம் குறைவு என்பதால் பக்கத்திலுள்ள தண்டுவடத்தை நசுக்கிவிடும். தண்டுவடத்தை அழுத்தும் கட்டியை அறுத்தெடுத்து ஒருவரை நடக்க வைக்கலாம் என உலகுக்குக் காட்டியவர் சர் விக்டர் ஹார்ஸ்லி.

இவர் 1857 ஏப்ரல் 14ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தை ஓவியர், 1843இல் வெளிவந்த முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை வரைந்தவர். மகனோ தூரிகையை விட்டுக் கத்தியைப் பிடித்தார். முப்பது வயது நிறையும் முன்பே, 1886இல், குவீன் ஸ்குவேர் நரம்பியல் மருத்துவமனையில் அறுவை மருத்துவரானார்.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. முன்னாள் ராணுவ கேப்டன் ஒருவர் 1884 முதல் இடது தோள்பட்டைக்குக் கீழே வலியால் துடித்தார். பல மருத்துவர்களைப் பார்த்தும் பயனில்லை. இறுதியில் கால்களும் செயலிழந்தன. நரம்பியல் மேதை வில்லியம் கவர்ஸ், உடலில் உணர்ச்சி எங்கே மறைகிறது என்று சோதித்தே கட்டி இருக்கும் இடத்தைக் கணித்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895இல்தான்!

1887 ஜூன் 9 அன்று ஹார்ஸ்லி முதுகெலும்பைத் திறந்தார். கட்டியைக் காணவில்லை. அதோடு தைத்து மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்; கேப்டன்தான் படுக்கையிலேயே கிடந்திருப்பார். மேலே இன்னும் எலும்பு அகற்றப்பட்டது. அங்கே பாதாம் பருப்பு வடிவில் ஒரு நார்க்கட்டி தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. அதை எடுத்தார். கேப்டன் மீண்டும் நடந்தார், வேலைக்கும் திரும்பினார்.

அந்தக் கட்டி இருந்தது மார்புக்குப் பின்புறம், கழுத்தில் அன்று. ஆனால் எலும்பை அகற்றி, கட்டியை எடுத்து, தண்டுவடத்துக்கு இடம் தரும் முறை கழுத்துக்கும் பொருந்தியது. இன்று எம்.ஆர்.ஐ. படமும் நுண்ணோக்கியும் கைகொடுக்கின்றன. எலும்பில் கசியும் இரத்தத்தை நிறுத்த, 1892இல் ஹார்ஸ்லி அறிமுகப்படுத்திய தேன்மெழுகுக் கலவையின் வழிவந்த மெழுகு இன்னும் அறுவைக் கூடங்களில் உண்டு.

1902இல் சர் பட்டம் பெற்றவர், பெண்களின் வாக்குரிமைக்குக் குரல் கொடுத்தார். மதுவைக் கடுமையாக எதிர்த்தார். முதல் உலகப் போரில், வயதைப் பொருட்படுத்தாமல், தாமே முன்வந்து மெசபட்டோமியாவுக்குச் சென்றார். காயமுற்ற வீரர்களுக்கு முறையான சிகிச்சை இல்லாததைக் கண்டு மனம் கொதித்தார். கடும் வெயிலிலும் ஓயாமல் உழைத்தவர், வெப்பத் தாக்குதலால் 1916 ஜூலை 16 அன்று, 59ஆம் வயதில், அமாராவில் காலமானார். இன்றைய ஈராக்கிலுள்ள அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.