கான்கார்டு ஊரின் தோரோ

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போதெல்லாம் என் தந்தையாரின் நண்பர்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். செடி கொடியைப் பற்றிப் படிக்கக் கல்லூரி எதற்கு என்பதே அது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பதில் தெரியாமல் விழித்திருக்கிறேன். இத்தகைய கேள்விகளுக்குத் தம் ஊராரிடம் பதில் சொல்லப் புகுந்து, அப்பதிலையே நூலாக்கிய ஒருவரைப் பற்றி நம் கல்லூரி நூலகத்தில் படித்தேன். அவர்தான் ஹென்றி டேவிட் தோரோ.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்டு என்னும் சிற்றூரில் 1817 ஜூலை 12ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பென்சில் செய்பவர். 1837இல் ஹார்வர்டில் பட்டம் பெற்று ஆசிரியரானார். பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்க மனமின்றிச் சில வாரங்களிலேயே விலகினார். பிறகு பென்சில் தொழிலில் இறங்கி, காரீயத்துடன் களிமண் கலந்து தரத்தை உயர்த்தினார். பட்டதாரி பென்சில் செய்வதா என்று நம் ஊரில் கேட்டிருப்பார்கள்!

அவ்வூரில் 1829இல் லைசியம் என்னும் அறிவு மன்றம் தொடங்கப்பட்டிருந்தது. ஊரார் கூடி உரை கேட்பதும் விவாதிப்பதும் அதன் பணி. 1838இல் தோரோ அங்கு முதன்முதலாகப் பேசினார். அதன் செயலாளராகவும் ஆனார்.

ஆயினும் ஊரார் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. காரணம் உண்டு. 1844 ஏப்ரலில் ஆற்றங்கரையில் மீன் சமைக்க அவர் மூட்டிய தீ பரவி, ஏறக்குறைய 300 ஏக்கர் காடு எரிந்து போனது. காட்டை எரித்தவன் என்ற பழிச்சொல் பல்லாண்டு அவரைத் தொடர்ந்தது.

மறு ஆண்டு ஜூலை 4 அன்று வால்டன் குளக்கரையில், நண்பர் எமர்சனின் நிலத்தில், தாமே கட்டிய குடிலில் குடியேறினார். செலவு 28 டாலர் 12½ சென்ட். அவரை வகைப் பயிரிட்டு, வரவு செலவை அரைச் சென்ட் வரை எழுதினார். என்ன உண்கிறார், தனிமை வாட்டவில்லையா, அச்சமில்லையா என்று ஊரார் துளைத்தெடுத்தனர். 1847 பிப்ரவரி 10 அன்று லைசியத்தில் அதற்கு விடையளித்தார். அவ்வுரையே வளர்ந்து 1854இல் 'வால்டன்' நூலாயிற்று. முந்தைய நூலின் 1000 படிகளில் 706 விற்காமல் 1853இல் அவர் வீட்டுக்கே திரும்பியிருந்தன என்பதையும் நினைக்க வேண்டும்.

வரி கட்ட மறுத்து ஓரிரவு சிறையிருந்ததையும், அதுபற்றிய அவருடைய கட்டுரையைக் காந்தியடிகள் படித்ததையும் யாவரும் அறிவர்.

என்னைக் கவர்ந்தது வேறொன்று. பைன் மரங்களை வெட்டிய இடத்தில் ஓக் மரங்கள் எப்படி முளைக்கின்றன? தானாகவே முளைப்பதாகப் பலர் நம்பினர். 1860 செப்டம்பரில் கான்கார்டில் கூடிய விவசாயிகளிடம் தோரோ விளக்கினார்: அணில்களும் பறவைகளும் ஓக் விதைகளை ஏற்கெனவே அங்கே கொண்டுபோய்ப் புதைத்து வைக்கின்றன. காட்டை எரித்தவர் என்று ஏசப்பட்டவர், அதே ஊரில் காடு பிறக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தார்!

அவ்வாண்டு டிசம்பரில் மர வளையங்களை எண்ணச் சென்றவருக்குச் சளி பிடித்தது. காசநோய் முற்றி, 1862 மே 6 அன்று 44ஆம் வயதில் காலமானார். எந்தச் செடி எந்நாள் பூத்தது என்று அவர் 1850களில் எழுதிய குறிப்புகளைக் கொண்டு, கான்கார்டில் இப்போது பூக்கள் முன்கூட்டியே மலர்வதை அறிவியலார் கண்டுள்ளனர்.

சென்ற பங்குனியில் எங்கள் வீட்டு வேம்பு முதற்பூ விட்ட நாளை நானும் குறித்தேன். கேள்வி கேட்கும் நண்பர்களுள் ஒருவர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அதற்கு முந்தின ஆண்டு எப்போது பூத்தது என்று கேட்டார். அது என்னிடம் இல்லை.