விலையைக் குறைத்த விஞ்ஞானி ஜி.டி. நாயுடு

கோயமுத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23ஆம் நாள் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. துரைசாமி என்பது அவருக்கு வைத்த பெயர். பெற்ற தாயைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். பள்ளிக்கூடம் என்றாலே அவருக்குப் பிடிக்காது. நம் ஆசிரியைகளும் சிஸ்டர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன். அவருடைய வரலாறு அப்படித்தான் இருக்கிறது.

ஒரு நாள் ஆங்கிலேயர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவதைத் துரைசாமி கண்டார். மாடும் குதிரையும் இல்லாமல் ஓடிய அந்த வண்டி அவர் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டது. கோவைக்குச் சென்று ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, 300 ரூபாய் கொடுத்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியபின் அதைப் பாகம் பாகமாகக் கழற்றிப் போட்டுப் பார்த்தார். ஒரு பொருளைத் தம் கையால் பிரித்துப் பார்த்தவருக்குத்தான் அதில் எது அவசியம், எது வெறும் அலங்காரம் என்பது விளங்கும். பிற்காலத்தில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் அந்த வண்டியே விதை என்று எனக்குத் தோன்றுகிறது.

1920இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். அது யு.எம்.எஸ். என்னும் பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, பீளமேட்டில் இந்தியாவின் முதல் மின்சார மோட்டாரை உருவாக்கினார்.

அக்காலத்தில் நம் கடைகளில் இருந்த வானொலி, காமிரா, சவரக் கருவி எல்லாம் பெரும்பாலும் சீமைச் சரக்குகளே. பொருளைச் செய்த செலவோடு கப்பல் கூலி, சுங்க வரி, ஏஜெண்டின் கமிஷன், கடைக்காரரின் லாபம் ஆகியவையும் விலையில் ஏறும். பெரிய கம்பெனியின் பெயருக்கென்றே தனியாக ஒரு தொகையும் உண்டு. உள்ளூர்ச் சிறு கம்பெனிக்கு இவற்றில் பல செலவுகள் இல்லை. ஆனால் பெரிய கம்பெனி லட்சக்கணக்கில் செய்வதால் அதன் அடக்க விலை குறையும். சிறியவருக்கு அந்த வசதி கிடையாது.

காமிராவையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் விற்ற கோடாக் காமிராவின் விலை 25 டாலர். 1900இல் அவருடைய கம்பெனி பிரௌனி என்னும் காமிராவை ஒரே டாலருக்கு விற்றது. அட்டைப் பெட்டி, சாதாரண லென்ஸ், அவ்வளவுதான். காமிராவில் லாபம் குறைந்தாலும், வாங்கியவர் பிலிம் சுருளுக்கு மறுபடி மறுபடி அவர்களிடமே வரவேண்டும். முதலிடத்தில் இருந்த கம்பெனி இப்படி விலையைக் குறைக்கலாம். நம் நாயுடுவிடம் பிலிம் தொழிற்சாலை ஏது? அவரிடம் இருந்தவை மூளையும் பட்டறையும்தான்.

காமிராவின் மீது அவருக்கு மிகுந்த பிரியம். சினிமாக் காமிராவில் தூரத்தைச் சரிசெய்யும் ஒரு கருவியைக் கண்டுபிடித்தார். 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார். பேட்டரியில் இயங்கும் ரேசண்ட் என்னும் சவரக் கருவியும், மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறியும், பழச்சாறு பிழியும் கருவியும் அவருடைய படைப்புகளே. 1941இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்கே செய்ய முடியும் என்று அறிவித்தார்.

எல்லாவற்றிலும் என்னை வருத்தியது அவருடைய கார்தான். 1952இல் இரண்டு பேர் செல்லக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்! ஆனால் அந்நாளில் கார் செய்து விற்க அரசின் உரிமம் வேண்டும். அது அவருக்குக் கிடைக்கவில்லை, உற்பத்தி நின்றது. விலை குறைவாக இருந்தால் போதும், மக்கள் தாமே வாங்குவார்கள் என்று நாம் நினைக்கிறோம். பொருள் கடைக்கு வந்தால்தானே வாங்குவதற்கு! வரிச் சுமையைக் கண்டித்து, தாம் செய்த பொருள்களையே பொது இடத்தில் உடைத்துக் காட்டினார் அவர். உடைத்தது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் அந்த மனம் எவ்வளவு நொந்திருக்கும்!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில் வசிக்கும் நமக்கு இது நன்றாகப் புரியும். நம்மில் பலருடைய தந்தையர் இங்குள்ள தொழிற்சாலைகளில்தான் வேலை செய்கிறார்கள். உரிம முறை தளர்ந்தபின், 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. அப்போது மாருதிதான் முன்னணியில் இருந்தது. ஹூண்டாய் புதிதாக வந்த கம்பெனி. ஆனாலும் அதற்கு வழி திறந்திருந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலையோ, உலகப் புகழ் இருந்தும் 2014இல் மூடப்பட்டது. காமிரா இன்று செல்போனுக்குள்ளேயே புகுந்துகொண்டது. அந்தச் செல்போனிலும் முன்னணிக் கம்பெனிக்கும் சிறிய கம்பெனிக்கும் அதே விலைப் போட்டிதான்.

பள்ளியை வெறுத்த நாயுடு, 1945இல் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தோன்றக் காரணமாக இருந்தார் என்பது வேடிக்கைதான். பொறியியல் படிக்க நான்கு ஆண்டுகள் வேண்டாம், இரண்டே போதும் என்பது அவர் கருத்து. அரசு அதை ஏற்கவில்லை. அவரும் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார்.

1974 ஜனவரி 4ஆம் நாள் ஜி.டி. நாயுடு மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் 2025இல் திறக்கப்பட்ட நீண்ட மேம்பாலத்துக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அதே சாலையில் அவர் பெயரால் தொழிற்கண்காட்சியும், 2015இல் திறந்த கார் அருங்காட்சியகமும் இருக்கின்றன. கோடை விடுமுறையில் கோவைக்குச் செல்லும் தோழியர் அவசியம் போய்ப் பாருங்கள்.