வாரியார் சுவாமிகள் ஒரு குடும்பஸ்தர்

இருபது வயசுல எனக்கு ஒரே பிடிவாதம்: கல்யாணமே வேண்டாம், பழனியிலேயே கிடந்துடுறேன்னு. எங்க ஊர் காரைக்கால். ஆனி மாசம் மாங்கனித் திருவிழாவுல மாம்பழம் இறைக்கிறதைப் பார்த்து வளர்ந்தவன். அம்மையாரோட பக்தியைக் கண்டு மிரண்டு கணவன் பரமதத்தன் விலகிப் போயிடுறான், இல்லையா? பக்தியும் குடித்தனமும் ஒத்து வராதுன்னே முடிவு பண்ணிட்டேன். அப்பா திட்டலை. வாரியார் சுவாமிகள் கேசட்டைப் போட்டுவிட்டு, அவர் வாழ்ந்த கதையைச் சொன்னார்.

கிருபானந்த வாரியார் 1906-ல் காங்கேயநல்லூரில் பிறந்தவர். தந்தை மல்லையதாசர்தான் குரு. 12 வயசுக்குள் பதினாயிரம் பாடல்கள் மனப்பாடம்! 19 வயசுல அமிர்தலட்சுமி அம்மாளோடு திருமணம். சுவாமிகள்னு கூப்பிடுறோமே, சந்நியாசின்னுதான் நான் நினைச்சிருந்தேன். அவரோ கடைசி வரை இல்லறத்தார். வயலூர் முருகனுக்குத் திருப்பணி, ஊர் ஊராகச் சொற்பொழிவு, 1936-ல் தொடங்கி 37 வருஷம் திருப்புகழ் அமிர்தம் பத்திரிகை, எல்லாமே குடும்பத்தோடு இருந்தே செய்தார். 87 வயசுலயும் ஓயவில்லை. 1993 நவம்பர் 7, லண்டனிலிருந்து திரும்பும் விமானத்திலேயே முருகன் அழைச்சுக்கிட்டான்.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. அடுத்த தையில கல்யாணம். இப்போ கிருத்திகைக்குக் கிருத்திகை நானும் அவளும் சேர்ந்து திருப்புகழ் பாடுறோம். சுருதி மட்டும் இன்னும் சேரலை!