பட்டாளத்துக்குப் போன பந்தாட்ட வீரர்

ஹிஜ்லியின் பழைய கட்டடத்தைப் பற்றி நம்மில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1931ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், அது தடுப்புக் காவல் முகாமாக இருந்தபோது, அங்கே அடைபட்டிருந்த இரு இளைஞர்கள் போலீஸாரின் துப்பாக்கிக்கு இரையானார்கள். 1951இல் அதே கட்டடத்தில் நம் கல்விக்கூடம் தொடங்கிற்று. இவ்விரண்டுக்கும் நடுவே அங்கே குடியிருந்தவர்களைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப் படையின் 20ஆவது குண்டுவீச்சுப் பிரிவு அதைத் தன் தலைமையகமாகக் கொண்டிருந்தது. சுற்றுவட்டாரத்தில் சாக்குலியாவிலும் பியார்டோபாவிலும் துத்குண்டியிலும் பி-29 விமானங்கள் வந்து இறங்கின. அந்தப் பிரிவில் பணிபுரிந்த அதிகாரிகளுள் ஒருவர் ஹாங்க் கிரீன்பர்க். அமெரிக்காவில் அந்நாளில் பந்து விளையாடிய சிறுவர்களிடையே அவர் பெயரை அறியாதவர் அரிது.

கிரீன்பர்க் 1911 ஜனவரி முதல் நாள் நியூயார்க்கில் பிறந்தார். பெற்றோர் ருமேனியாவிலிருந்து குடியேறிய யூதர்கள். ஆறடி நான்கங்குல உயரம், தட்டையான பாதங்கள். அந்தப் பாதங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். 1933 முதல் டெட்ராய்ட் டைகர்ஸ் என்னும் பேஸ்பால் குழுவில் நிலையான இடம் பெற்றார். பேஸ்பாலில் ஹோம்ரன் என்பது ஏறக்குறைய நம் கிரிக்கெட்டின் சிக்ஸரைப் போன்றது. ஆனால் அதைக் காட்டிலும் அரியது. ஆண்டுக்கு 154 ஆட்டங்கள் ஆடிய அக்காலத்தில், முப்பது ஹோம்ரன் அடித்தவரையே பெரிய ஆட்டக்காரர் என்றார்கள். கிரீன்பர்க் 1938இல் 58 அடித்தார். பேப் ரூத் 1927இல் அடித்த அறுபதை எட்ட இரண்டே குறைவு.

1934இல் குழு முதலிடத்துக்குப் போராடிக் கொண்டிருந்த நேரத்தில், யூதர்களின் யோம் கிப்பூர் என்னும் புனித நாளில் அவர் ஆட மறுத்துக் கோயிலுக்குப் போனார். யூதர்களை ஏளனம் செய்யும் கூட்டம் மைதானங்களில் நிறைந்திருந்த காலம் அது.

1940 செப்டம்பர் 16ஆம் நாள் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. நாடு இன்னும் போரில் இறங்கவில்லை; ஆயினும் 21 வயது முதல் 35 வயது வரையுள்ள ஆண்கள் பெயரைப் பதிய வேண்டும், சீட்டில் எண் விழுந்தவர் ஓராண்டு பட்டாளத்தில் இருக்க வேண்டும். அந்த ஆண்டில்தான் கிரீன்பர்க் 41 ஹோம்ரன் அடித்து, தம் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை இரண்டாம் முறை பெற்றிருந்தார். வயது 29, மணமாகவில்லை. சம்பளம் ஆண்டுக்கு 55,000 டாலர். புதிய சிப்பாய்க்கு மாதம் 21 டாலர்.

முதலில் சோதித்த மருத்துவர், தட்டைப் பாதம் என்பதால் இவர் இலேசான வேலைக்கு மட்டுமே தக்கவர் என்று எழுதினார். உடனே ஊர் வாய் திறந்தது. பணம் கொடுத்துத் தப்பப் பார்க்கிறார் என்ற வதந்தி கிளம்பிற்று. கிரீன்பர்க் தாமே மறுசோதனை கேட்டார். முழுத் தகுதி உடையவர் என்று தீர்ப்பாயிற்று. 1941 மே 6ஆம் நாள் இரண்டு ஹோம்ரன் அடித்துவிட்டு, மறுநாள் பட்டாளத்தில் சேர்ந்தார்.

அந்தச் சட்டம் ஒரு நல்ல காரியமும் செய்தது. திரும்பி வருபவருக்குப் பழைய வேலையை முதலாளி தர வேண்டும் என்றது. குமாஸ்தாவுக்கு அது போதும். அவர் விட்டுப்போன மேசையும் பேரேடும் அப்படியே இருக்கும். பந்தடிப்பவருக்கு வேலை என்பது கண்ணும் மணிக்கட்டும்தான். முப்பது வயதில் அவற்றை ஒப்படைத்துவிட்டுப் போனவருக்கு முப்பத்து நான்கில் அவற்றைத் திருப்பித் தர எந்த முதலாளியால் முடியும்?

அவருடைய சேவைக் காலத்தில் நேர்ந்த விந்தை ஒன்று உண்டு. 28 வயதைக் கடந்தவர்களை விடுவிக்கலாம் என்று காங்கிரஸ் தீர்மானித்ததால், 1941 டிசம்பர் 5ஆம் நாள் அவர் விடுதலையானார். இரண்டே நாளில் ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கினர். கிரீன்பர்க் மறு அழைப்புக்குக் காத்திராமல் தாமாகவே விமானப் படையில் சேர்ந்தார். முதல் ஏழு மாதங்களைச் சட்டம் எடுத்துக்கொண்டது. பின்வந்த நாற்பது மாதங்களை அவரே கொடுத்தார். இவ்விரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவது சரியன்று என்பது என் எண்ணம். உள்நாட்டிலேயே உடற்பயிற்சி அளித்துக்கொண்டு இருந்திருக்கலாம். அவரோ போர்முனை கேட்டு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் வந்தார். 1944 ஜூன் 15ஆம் நாள் சீனத்து செங்டு தளங்களிலிருந்து பி-29கள் ஜப்பானைத் தாக்கப் புறப்பட்டபோது அவர் சீனாவில் அப்பிரிவில் இருந்தார்.

விஞ்ஞான மாணவனுக்கு எதையும் கணக்குப் போட்டுப் பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு. 1937 முதல் 1940 வரை நான்காண்டுகளில் அவர் அடித்தவை 172, ஆண்டுக்கு 43. இழந்தது சுமார் நாலரைப் பருவம். பெருக்கினால் 190க்குக் குறையாது. அவருடைய மொத்தக் கணக்கு 331, கூட்டினால் 520. அவர் ஓய்வு பெற்ற காலத்தில் ஐந்நூறைத் தாண்டியிருந்தவர்கள் மூவரே. ஆனால் இந்தப் பெருக்கலை நானே முழுக்க நம்பவில்லை. 1936இல் மணிக்கட்டு முறிந்து அந்த ஆண்டே வீணானது அவருக்கு. பட்டாளம் போகாவிட்டாலும் அப்படி ஒரு விபத்து மறுபடி நேர்ந்திருக்கலாம்.

1945 ஜூன் மாதம் கேப்டனாக விடுதலை பெற்றார். ஜூலை முதல் நாள் டெட்ராய்ட்டில் நாற்பத்தேழாயிரம் பேருக்கு மேல் கூடியிருக்க மறுபடி களம் இறங்கி, அன்றே ஒரு ஹோம்ரன் அடித்தார். செப்டம்பர் 30ஆம் நாள் செயின்ட் லூயிஸில் பருவத்தின் கடைசி நாள்; மழை, மங்கிய ஒளி. டைகர்ஸ் 2–3 என்று பின்தங்கி இருக்கையில், ஒன்பதாம் இன்னிங்ஸில், மூன்று தளங்களிலும் ஆட்கள் நிற்க, கிரீன்பர்க் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பினார். லீக் பட்டம் கிடைத்தது. அடுத்து உலகத் தொடரிலும் வென்றார்கள்.

1946இல் 35 வயதில் 44 ஹோம்ரன் அடித்து லீக்கில் முதலிடம் பெற்றார். அதற்குச் சன்மானமாக 1947 ஜனவரியில் குழுவினர் அவரைப் பிட்ஸ்பர்குக்கு விற்றுவிட்டார்கள். வயதை எண்ணியவர்கள் பட்டாளத்தில் கழிந்த ஆண்டுகளையும் சேர்த்தே எண்ணினார்கள்! அங்கே ஒரு பருவம் ஆடினார், 25 ஹோம்ரன். அந்த ஆண்டுதான் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின வீரர் பெரிய லீக்கில் காலடி வைத்து வசைமழையில் நனைந்துகொண்டிருந்தார். எதிரணியில் இருந்த கிரீன்பர்க் அவருக்கு ஊக்கம் கூறினார். அந்தப் பருவத்தோடு ஆட்டத்தை விட்டார். 1956இல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது. பிறகு கிளீவ்லாந்து, சிகாகோ குழுக்களின் நிர்வாகத்தில் பல ஆண்டுகள் இருந்து, 1986 செப்டம்பர் 4ஆம் நாள் கலிபோர்னியாவில் காலமானார்.