காத்லீன் கஃப் அம்மையார்

அடிமைத்தளை அறுந்தவுடன் உழைப்பாளியின் துயரமும் ஒழிந்துவிடும் என்பது உலகினர் பலரின் துணிபு. அத்துணிபு எத்துணை உண்மையென்பதைத் தஞ்சை வயல்களில் நின்று ஆராய்ந்த மானிடவியற் பேரறிஞர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

காத்லீன் கஃப் அம்மையார் 1925-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16-ஆம் நாள் இங்கிலாந்து தேசத்து யார்க்‌ஷயர்ச் சிற்றூரொன்றில் பிறந்தனர். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் மானிடவியல் பயின்று, 1947-இல் மலையாள நாடு போந்து நாயர் குடும்பங்களின் மருமக்கள்தாய முறையை ஆராய்ந்து, 1950-இல் டாக்டர் பட்டம் பெற்றனர். பின்னர், 1951 முதல் 1953 வரை தஞ்சை ஜில்லாவில் இரு கிராமங்களில் தங்கினர். அவற்றைத் தம் நூல்களில் கும்பாபேட்டை, கிரிப்பூர் எனப் புனைபெயரால் வழங்கினர்.

1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறையை ஏற்க மறுத்திருந்தும், தஞ்சையில் பண்ணையாட்கள் கடனாலும் வழக்கத்தாலும் மிராசுதார்களிடம் கட்டுண்டே கிடந்தனர். அவர்களைக் காக்க 1952-இல் ஒரு சட்டம் பிறந்தது. மிராசுதார் பலரோ பண்ணையாட்களை விலக்கி, நாட்கூலிகளை அமர்த்தலாயினர். கட்டு அவிழ்ந்தது, அதனோடு ஆண்டு முழுதும் கிடைத்த நிச்சயக் கூழும் அகன்றது. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், நம் ஆண்டவர் பிறந்த திருநாளின் இரவிலே, கூலிப் பூசலின் விளைவாகக் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் குடிசையொன்றில் எரியுண்டு மாண்டன. 1976-இல் மீண்டும் வந்த அம்மையார், நாட்கூலிகள் பெருகியிருப்பதையும் பலர் வாழ்வு முன்னினும் நலிந்திருப்பதையும் கண்டனர்.

இந்திய வேளாண்மை முதலாளித்துவத்தைச் சார்ந்ததா, பழைய நிலவுடைமை முறையைச் சார்ந்ததா என்று அக்காலத்தறிஞர் பெரிதும் வாதிட்டனர். தஞ்சை நெல்லும் தஞ்சைக் கூலியாட்களும் இலங்கை, மலேயாத் தோட்டங்களுக்குச் சென்றமையைச் சுட்டி, வயலில் பழைய கட்டுகள் தோன்றினும், ஆங்கிலேயர் காலத்திலேயே அவ்வயல் உலக முதலாளித்துவத்தின் நுகத்தில் பூட்டப்பட்டதென அம்மையார் நிறுவ முயன்றனர். எல்லோரும் இதற்கு உடன்பட்டாரல்லர். எனினும் கிராமத்தைத் தனித்தீவாகக் கருதிய பழைய நோக்கு இவரால் தளர்ந்தது. இவ்வாராய்ச்சிகள் 1981, 1989-ஆம் ஆண்டுகளில் இரு பெருநூல்களாக வெளிவந்தன.

தாம் உண்மையெனக் கண்டதை உரைத்தற்கு அம்மையார் அஞ்சினாரல்லர். 1962-இல் கியூபாவுக்கு ஆதரவாகப் பேசியதால் எழுந்த பிணக்கில், அமெரிக்காவின் பிராண்டைஸ் சர்வகலாசாலையை விட்டு விலகினர். வியத்நாம் போருக்கு மாணவரை அனுப்பத் தம் மதிப்பெண் கருவியாதல் கூடாதென்று மறுத்து, 1967-இல் கனடா சென்றனர். அங்கும் நிர்வாகத்தோடு மாறுபட்ட ஆசிரியர் பக்கம் நின்று பதவி இழந்தனர். பதவி போயினும் ஆராய்ச்சியை விட்டாரல்லர். 1990-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் வான்கூவர் நகரில் காலமாயினர்.

அம்மையார் ஆராய்ந்தது நெல்வயலே எனினும், அவர் எழுப்பிய வினா வயல்வரம்போடு நிற்பதன்று. நம் அயனம்பாக்கத்தை அடுத்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாக உழைப்பவர் எவர்க்கும் அடிமையல்லர். நாளை வேலையுண்டோ என்னும் கவலையினின்றும் விடுபட்டவருமல்லர். விடுதலையோடு உணவும் உறுதியும் சேர்ந்தாலன்றி அவ்விடுதலை நிறைவுறாது என்பதே அம்மையார் வாழ்க்கை நமக்குப் புகட்டும் பாடமாகும். கல்லூரியை நீங்கி நாளை பிறரை வேலைக்கு அமர்த்தும் நிலையை எய்தப்போகும் மாணவர் நாம் இதனை மறவாதிருப்போமாக.